செம்பியும் பாசிப் பெட்டியும்

ஒரே நாளில் அந்தப் பெட்டியின் மூடியை 11 முறை திறந்திருக்கிறேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது. காலை 5.40, 6.15, 7.30 என்று தொடங்கி நள்ளிரவு தாண்டி 1.20 வரை வரிசையாக நேரம் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். என் பாம்பு செம்பி முட்டையிட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. முட்டைகள் இன்குபேட்டரில் பத்திரமாக இருக்கின்றன. அவளும் பழையபடி சாப்பிடத் தொடங்கிவிட்டாள். ஆனாலும் நோட்டின் அந்த ஒரு பக்கம் மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த 11 முறையில் எத்தனை முறை அவளுக்காகத் திறந்தேன், எத்தனை முறை எனக்காகத் திறந்தேன்?

செம்பி ஒரு கார்ன் ஸ்நேக். வயது 5, நீளம் நாலடிக்குக் கொஞ்சம் மேலே. துலக்கி வைத்த செம்புபோல ஒரு நிறம், அதன்மேல் கறுப்பு விளிம்பு கட்டிய சிவப்புத் திட்டுகள். வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக இருக்கும். கதிரில் பல நிற மணிகள் கலந்து வரும் மக்காச்சோளம், அதாவது கார்ன், இருக்கிறதே, அதைப் போல. பெயருக்கு அதுதான் காரணம் என்பார்கள் சிலர். இதன் சொந்த மண்ணான தென்கிழக்கு அமெரிக்காவில் மக்காச்சோளம் சேர்த்து வைக்கும் குதிர்களைச் சுற்றி எலி பிடிக்கத் திரியும், அதனால் வந்த பெயர் என்பார்கள் வேறு சிலர். விஷம் இல்லாத, சாதுவான பாம்பு. ஐந்து வருடத்தில் செம்பி ஒரு முறைகூட என்னைப் பார்த்துச் சீறியதில்லை. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

பெண் பாம்பை இணை சேர்க்க 3 வயது, 3 அடி, 300 கிராம் என்று வளர்ப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. குறைந்தபட்சக் கணக்குதான் அது. நான் அதற்கு மேலும் இரண்டு வருடம் பொறுத்தேன். குளிர்காலத்தில் சூட்டைக் குறைத்து ஓய்வில் விட்டு, மெல்ல மெல்ல எழுப்பி, நன்றாகத் தீனி கொடுத்துத் தேற்றிய பிறகு, ஏப்ரல் தொடக்கத்தில் இணை சேர்த்தேன். மே மாதம் பிறக்கும்போதே உடம்பின் பின்பாதி பருத்துவிட்டது. ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால், தோலுக்கு அடியில் மணிமணியாக வரிசை தெரியும். அப்புறம் இரையைத் தொடவில்லை. உறைய வைத்து இளக்கிய எலியை மூக்கால் முட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனாள். கண்ணில் பால் படிந்ததுபோல நீலம் பூத்தது, தெளிந்தது, மே 8 அன்று தலை முதல் வால் வரை கிழியாமல் ஒரே துண்டாகச் சட்டை உரித்தாள். முட்டைக்கு முந்தின சட்டை அது. அதிலிருந்து ஏறக்குறைய 8 முதல் 14 நாளுக்குள் முட்டை வர வேண்டும். என் நோட்டும் அன்றுதான் தொடங்கியது.

பாசிப் பெட்டியை அதற்கு முன்பே தயார் செய்து வைத்திருந்தேன். அவள் சுருண்டு படுக்கும் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஒரு பக்கத்தில் அவள் நுழையும் அளவுக்கு ஒரு துளை, உள்ளே ஈரமான ஸ்பாக்னம் பாசி. அந்த ஈரத்துக்கு ஒரு பதம் இருக்கிறது. ஊறவைத்த பாசியைக் கைநிறைய அள்ளிப் பிழிய வேண்டும், ஒரு சொட்டுகூட விழாதவரை பிழிய வேண்டும். அப்புறம் உள்ளங்கையில் வைத்து விரித்தால் கை சில்லென்று ஈரமாக வேண்டும். ஈரம் கூடினால் முட்டை அழுகும், குறைந்தால் முட்டை சுருங்கிப் போகும். காட்டில் இருந்திருந்தால் அவளே போய் ஓர் உளுத்த மரத்துண்டையோ மக்கிய இலைக் குவியலையோ தேடிக் கண்டுபிடித்திருப்பாள். இங்கே அவளால் தேட முடியாது. நான் வைத்ததுதான் அவளுக்கு உலகம். இந்த எண்ணம் ஒரு நாளும் என்னை விட்டுப் போகவில்லை.

பொன்னி

ஏன் இத்தனை பதற்றம் என்றால், செம்பிக்கு முன்னால் பொன்னி இருந்தாள். நான் வளர்த்த முதல் பாம்பு. ஆண் பாம்பின் வாடையே படாதவள், ஆனாலும் ஒரு கோடையில் வயிறு பருத்தது. இணை சேராமலேயே பெண் பாம்புகள் கூமுட்டை இடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். இட்டாள். மஞ்சளாக, மெழுகை உருட்டி வைத்ததுபோல ஒன்பது முட்டை. அதோடு நின்றுவிட்டாள். வாலுக்குக் கொஞ்சம் மேலே மூன்று மேடுகள் அப்படியே இருந்தன.

கேட்டவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். "பொறுங்க, அதுவே போட்டுடும். பாம்புக்குத் தெரியும்." நானும் பொறுத்தேன். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். அவள் அமைதியாகத்தான் இருந்தாள், அதுதான் என்னை ஏமாற்றியது. வலித்தால் நாய் முனகும், பூனை மூலையில் போய் ஒடுங்கும். பாம்பு முகத்தில் எதுவுமே எழுதியிருக்காது. இமைகூட இல்லாத கண், எப்போதும் ஒரே மாதிரி பார்க்கும். முட்டையிடும் கோழிக்குத்தான் வருத்தம் தெரியும் என்பார்கள். அந்தக் கோழியாவது கொக்கரிக்கும். பொன்னி சத்தமில்லாமல் அந்த மூன்று முட்டைகளோடு ஐந்து நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் மருத்துவரிடம் கொண்டுபோனபோது முட்டைகள் உள்ளேயே ஒட்டிவிட்டிருந்தன. மற்ற விலங்குகளுக்குப் பிரசவத்தைத் தூண்டப் போடும் ஆக்ஸிடோசின் ஊசி பாம்புகளுக்குப் பல நேரம் பலன் தராது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஊசியால் முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சிச் சுருங்கவைத்து எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. அறுவை சிகிச்சை செய்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பொன்னி போய்விட்டாள்.

மருத்துவர் என்னைக் குறை சொல்லவில்லை. முன்னாலேயே வந்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நாலு வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஒரு முறை சும்மா இருந்து ஓர் உயிரை இழந்தவரிடம் போய் "சும்மா இரு" என்று சொல்லிப் பாருங்கள். காதில் ஏறாது.

நாட்கள் எண்ணியது

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் இல்லை. செம்பி பெட்டிக்குள் போவாள், பாசியைக் கிளறுவாள், வெளியே வருவாள். எட்டாம் நாளிலிருந்து அவள் உட்காரவே இல்லை. கண்ணாடிக் கூண்டின் நாலு மூலையையும் மூக்கால் தடவிக்கொண்டே இருந்தாள். தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். ஆஸ்பென் மரச்சீவலைத் தோண்டித் தோண்டிக் கூண்டின் அடித்தளம் தெரியும்படி ஒரு பள்ளம் பண்ணினாள். இடம் தேடுகிறாள் என்று புரிந்தது. இடம்தான் இருக்கிறதே, நான்தான் செய்து வைத்திருக்கிறேனே என்று எனக்கு ஆதங்கம். அவள் உள்ளே போனால் ஒரு மணி நேரத்தில் மூடியைத் திறந்து பார்ப்பேன். பார்த்தால் வெளியே வந்துவிடுவாள். வெளியே வந்தால் பாசி காய்ந்துவிட்டதோ என்று கைவிட்டுப் பார்ப்பேன். தண்ணீர் தெளிப்பேன். பெட்டியை நாலு அங்குலம் நகர்த்துவேன். வேறொரு பக்கம் திருப்பி வைப்பேன். இதையெல்லாம் அக்கறை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், இரவு 1.20க்கும் கூட.

அம்மா தினமும் போன் செய்தாள். பாம்பு என்ற பேச்சை எடுத்தாலே முன்பெல்லாம் போனை வைத்துவிடுகிறவள். இப்போது "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு முன்னால் "அவ போட்டுட்டாளா" என்று கேட்கிறாள். இல்லம்மா என்று சொன்னால் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. பிள்ளைத்தாச்சியின் வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி ஒரு கனம் வீட்டுக்குள் வந்துவிட்டது. எனக்கு வேலை ஓடவில்லை. எழுத வேண்டிய கடிதத்தை மூன்று முறை தொடங்கி மூன்று முறை பாதியில் விட்டுவிட்டுக் கூண்டுக்குப் போனேன்.

பதினோராம் நாள். அதுதான் 11 "இல்லை" எழுதிய நாள். பெட்டிக்குள் சுருண்டிருந்தவளின் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து மெல்லத் தூக்கினேன். முட்டை நகர்ந்திருக்கிறதா, எங்கேயாவது சிக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கத்தான். சினையாக இருக்கும் பாம்பை இப்படித் தூக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் தூக்கினேன். உடம்பு முழுக்க ஒரு முறுக்கு ஏறியது. வால் என் மணிக்கட்டைச் சுற்றி இறுகியது. வால் நுனி படபடவென்று அடித்துக்கொண்டது. அடுத்த நொடி கையெல்லாம் ஈரம்.

பாம்பு வளர்ப்பவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். வாலின் அடியில் இருக்கும் சுரப்பிகளிலிருந்து வருவது. கடித்துத் தப்பிக்க முடியாத பாம்பு, தின்ன வரும் மிருகத்தை விரட்டக் கடைசியாகப் பயன்படுத்துவது. முட்டையிலிருந்து வந்து ஒரு வாரமான குட்டிகள் செய்யும், புதிதாக வாங்கி வந்த பாம்பு செய்யும். ஐந்து வருடம் என் கையில் ஊர்ந்து, சட்டைக் கையின் உள்ளே சூடாகச் சுருண்டு தூங்கிய செம்பி அதுவரை செய்ததே இல்லை. அவளை இறக்கி விட்டேன். பெட்டிக்குப் போகாமல் கூண்டின் தூர மூலையில் போய்த் தலையை உடம்புக்கு அடியில் செருகிக்கொண்டாள். சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினேன். நாற்றம் போகவில்லை. விடியும்வரை போகவில்லை. தலையணையில் கை வைக்கும்போதெல்லாம் அது வந்தது.

என்னைவிட எத்தனையோ வருடம் முன்னாலிருந்து பாம்பு வளர்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். காலையில் அவரை அழைத்துச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "நீ நடக்கிறது அவளுக்குக் கேக்கும்னு தெரியுமில்ல?"

தெரியும். வெளிக்காது இல்லையே தவிர, தரையில் வரும் அதிர்வு பாம்பின் தாடை வழியாக உள்காதுக்குப் போகிறது என்று எத்தனை பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். ஆனால் என் காலடியை அதோடு சேர்த்து யோசித்ததே இல்லை. நான் நாற்காலியிலிருந்து எழும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளில் 11 முறை ஏதோ ஒன்று அவளை நோக்கி வந்திருக்கிறது, அவளுடைய ஒரே பொந்தின் கூரையைப் பெயர்த்திருக்கிறது, உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் எந்தத் தாயும் முட்டையிட மாட்டாள். "முட்டை சிக்கிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்பா," என்றார் அண்ணன். "இடம் பத்திரம் இல்லேன்னு தோணினா உள்ளேயே அடக்கி வெச்சுக்கும்." போனைப் பிடித்திருந்த கை நடுங்கியது. பொன்னிக்கு நடந்தது இவளுக்கு நடக்கக் கூடாது என்றுதான் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதை வரவழைக்கக் கூடியதாக அந்தப் பார்வையே இருந்திருக்கிறது.

துணி போட்ட பிறகு

அன்று பெட்டியைக் கடைசியாக ஒரு முறை தொட்டேன். புதுப் பாசி பிழிந்து தாராளமாக நிரப்பினேன், அவள் அதற்குள் முழுதாக மறைந்துகொள்ளும் அளவுக்கு. அதுவரை பெட்டி குளிர்ந்த ஓரத்தில், துளை அறையைப் பார்த்தபடி இருந்தது. எனக்குப் பார்க்க வசதியாக நானே அப்படி வைத்திருந்தேன். இப்போது கதகதப்பான பக்கத்துக்கு, அடியிலிருந்து சூடு தரும் ஹீட் மேட்டுக்கு நேர்மேலே வராமல் பக்கத்தில் தள்ளி வைத்தேன். துளை சுவரோரம் போகும்படி திருப்பினேன். தெர்மோஸ்டாட்டைச் சரிபார்த்தேன். கூண்டின் மூன்று பக்கமும் கனமான துணியைப் போட்டு மூடினேன். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். "இயற்கைக்குத் தெரியும், விட்டுவிடு" என்று சொல்பவர்களோடு நான் இன்றும் உடன்படவில்லை. பொன்னி அப்படி விட்டதால்தான் போனாள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பது இயற்கை இல்லை. அதனால் கதவைச் சாத்துவதற்கு முன்னால் மருத்துவரிடம் பேசினேன். எதற்காகப் பயப்பட வேண்டும் என்று இந்த முறை திட்டவட்டமாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். சட்டை உரித்து இரண்டு வாரம் தாண்டியும் ஒன்றும் வராவிட்டால் அழைக்க வேண்டும். இடத் தொடங்கிப் பாதியில் நின்று ஒரு நாள் போய்விட்டால் அழைக்க வேண்டும், இரண்டாம் நாளைத் தொடவே கூடாது. முக்கினால், கழிவுத் துவாரம் வீங்கினால், ஏதாவது வெளியே பிதுங்கினால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். மற்றபடி காலை ஒரு முறை, இரவு ஒரு முறை, துணியின் ஓரத்தை விலக்கிக் கண்ணாடி வழியாகப் பார்வை மட்டும். நோட்டில் நேரம் எழுதும் பத்திகளை அடித்துவிட்டு இந்த மூன்றையும் எழுதினேன். அடுத்து எந்த மணிக்குப் பார்ப்பது என்று காத்திருந்த வரையில் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. எதைப் பார்த்தால் எழ வேண்டும் என்று தெரிந்த பிறகு, பயம் போகவில்லை, ஆனால் உட்கார முடிந்தது.

பன்னிரண்டாம் நாள் கூண்டுக்குள் ஓயாத உரசல் சத்தம். பதின்மூன்றாம் நாள் மாலை அந்தச் சத்தம் நின்றது. துணியை விலக்கினேன். கூண்டு காலி. பெட்டியின் பக்கவாட்டு பிளாஸ்டிக் கொஞ்சம் ஒளி ஊடுருவும், பாசிக்கு நடுவே செம்பு நிறத்தில் ஒரு சுருள் மங்கலாகத் தெரிந்தது. அந்தச் சுருள் மெல்ல இறுகியது, தளர்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியை விட்டேன். பக்கத்து அறையில், தரையில் கால் படாமல் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அம்மா அழைத்தபோது ரகசியம் பேசுவதுபோலப் பேசினேன். அவளும் அந்த முனையில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

இரவு பார்த்தேன், உள்ளேயே இருந்தாள். காலையில் பார்த்தேன், உள்ளேயே இருந்தாள். மூடியைத் திறந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். எத்தனை வந்திருக்கிறது, பாதியில் நிற்கிறாளா, எல்லாமே தெரிந்துவிடும். கை இரண்டு முறை மூடிவரை போனது. திறக்கவில்லை. மருத்துவரின் எண்ணை எடுத்து மேசையில் வைத்தேன், அவளைக் கொண்டுபோகும் துணிப்பையையும் பக்கத்தில் வைத்தேன்.

பதினான்காம் நாள் மாலை நாலரை மணிக்குத் துளையின் விளிம்பில் மூக்கு தெரிந்தது. நாக்கு வந்து போனது. வெளியே வந்தவள் வேறொரு பாம்பாக இருந்தாள். பின்பாதி தளர்ந்து, பக்கவாட்டில் தோல் மடிந்து, முதுகெலும்பின் கோடு மேலே தெரிய, காற்றுப் போன பைபோல இருந்தாள். நேராகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனாள். பாம்பு தண்ணீர் குடிப்பதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? நாய்போல நக்காது. உதடு மட்டும் தண்ணீரில் அமிழ, தாடையின் ஓரம் லேசாக விம்மி விம்மி அடங்கும். ஒவ்வொரு விம்மலுக்கும் தொண்டையில் ஒரு சிறிய அலை கீழே போகும். அவ்வளவு நேரம் அவள் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை.

அவள் குடிக்கும்போதே பெட்டியை மெதுவாக வெளியே எடுத்தேன். இப்போது திறந்தேன். பாசிக்கு நடுவில் குழித்து, அதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரு கொத்து. வெள்ளை வெளேரென்று, கோழிமுட்டையின் ஓடுபோல இல்லாமல் பதமான தோல்போல இருக்கும் மேற்புறம். 17 நல்ல முட்டை, ஓரத்தில் இரண்டு கூமுட்டை. ஒட்டியதைப் பிரிக்கப் பார்க்கக் கூடாது, தோல் கிழியும். புரட்டவும் கூடாது, உள்ளே கரு மேலே போய் ஒட்டிக்கொள்ளத் தொடங்கியிருக்கும். எது மேல்பக்கம் என்று தெரிய ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் மெல்ல ஒரு புள்ளி வைத்தேன். கொத்தை அப்படியே தூக்கி, ஈரம் காக்கும் வெர்மிகுலைட் என்ற தாதுத் துகளை நனைத்து, அதில் பாதி புதையும்படி வைத்து, 28 டிகிரியில் இன்குபேட்டரில் மூடினேன். இனி ஏறக்குறைய 60 நாள். மலைப்பாம்பு தன் முட்டையைச் சுற்றி அடைகாக்கும், கார்ன் ஸ்நேக் அப்படிச் செய்யாது. அவள் வேலை முடிந்தது.

ஆனால் எனக்கு ஒன்று மிச்சமிருந்தது. 19 வெளியே வந்துவிட்டது, உள்ளே எத்தனை இருந்தது என்று எனக்குத் தெரியாது. பொன்னியும் ஒன்பது இட்டுவிட்டுத்தான் நின்றாள். இப்போது தொட்டே ஆக வேண்டும். கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். கிண்ணத்திலிருந்து தலையை எடுக்கும்வரை காத்திருந்தேன். பிறகு கூண்டின் தரையில் கையை விரித்து வைத்தேன், தூக்கவில்லை. நாக்கு விரலைத் தொட்டது, மணிக்கட்டைத் தொட்டது. கொஞ்ச நேரம் யோசித்தாள். ஏறினாள்.

கட்டைவிரலை வயிற்றுச் செதில்களின் மேல் வைத்து, நெஞ்சிலிருந்து வாலை நோக்கி மெல்ல நகர்த்தினேன். பஞ்சை அழுத்துவதுபோல இருந்தது. நடு உடம்பு தாண்டியது. பின்பாதி தாண்டியது. பொன்னிக்கு அந்த மூன்று மேடுகள் இருந்த இடத்துக்கு வந்தபோது விரல் தானாக நின்றது. மறுபடி பின்னால் போய், மறுபடி வந்தேன். அங்கே எதுவும் இல்லை. செம்பி முறுக்கவில்லை, வால் இறுகவில்லை. என் கை காய்ந்தே இருந்தது. முழங்கை வரை ஏறி, அங்கிருந்து இறங்கி, மரச்சீவலுக்குள் தலையைச் செருகிப் புதைந்துகொண்டாள். நான் துணியை இழுத்துவிட்டு அம்மாவை அழைத்தேன்.